பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வீட்டில்

வயதானவர் போய்விட்டால் துட்டிக்கு வருகிறவர்கள் காரணம் கேட்பது குறைவு. "எண்பது தாண்டிட்டுல்லா, கல்யாணச் சாவு" என்று ஆறுதல் பட்டுக்கொள்வார்கள். குழந்தை இறந்த வீட்டில் அப்படி இல்லை. செருப்பைக் கழற்றும்போதே "எப்படி ஆச்சு?" என்றுதான் வாயில் வருகிறது. காரணம் தெரிந்தால் நம் வீட்டுப் பிள்ளைக்கு அது வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்தப் பயம் இயல்பானதுதான். ஆனால் பெற்றவள் காதில் அது "நீ என்ன செஞ்சே?" என்றே விழுகிறது. 2017 அக்டோபரில், பாளையங்கோட்டையில், என் தோழியின் வீட்டில் அதைக் கூடவே இருந்து பார்த்தேன். அதன் பிறகான வருடங்களில் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. பிள்ளையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நான்காம் வகுப்பு, என் மகளோடு ஒரே வகுப்பு.

அந்த வருடம் தமிழ்நாடு முழுவதும் டெங்கு கடுமையாக இருந்தது. தெருவில் புகை மருந்து அடித்தார்கள், முக்குக்கு முக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள், வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியையும் மாடியில் கிடக்கும் பழைய டயரையும் பார்த்துவிட்டுப் போனார்கள். பாப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். அருகிலிருந்த மருத்துவரிடம் காட்டி, பாரசிட்டமால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான்காம் நாள் காலை காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, இரண்டு இட்லி கொடுத்தாள் என் தோழி. பிள்ளை படம் வரைந்துகொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் வயிறு வலிக்கிறது என்றாள், இரண்டு மூன்று தடவை வாந்தி. சாயங்காலம் கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு அது புத்தியில் ஏறவே இல்லை. முந்தின வாரம் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் மகளோடு சண்டை போட்ட பிள்ளை. செய்தி தெரியும், உடம்பைப் பார்த்தாயிற்று, மண்ணும் போட்டாயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து முறுக்கு எடுத்து வைத்திருப்பேன். ஒரு சாவு மனசுக்குப் புரிவதற்கு நாளாகும். கூட இருந்த எனக்கே இவ்வளவு நாளானது. பெற்றவளிடம் போய், "நடந்ததை ஏத்துக்கிடணும்மா" என்று மூன்றாம் நாளே சொல்கிறார்களே, அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

அந்த வீட்டில் காரணம் தேடாதவர்கள் இல்லை. ஒருவர் வீட்டு வாசலைக் குறை சொன்னார். ஒருவர் ஜாதகம் கேட்டார். "மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாம்லா" என்றார் இன்னொருவர், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று தெரியாமலேயே. கடைசியில் எல்லாம் ஓரிடத்தில் வந்து நின்றது: தலைக்குக் குளிப்பாட்டியது. "காய்ச்சல் விட்ட அன்னைக்கே யாராவது தலைக்கு ஊத்துவாகளா? சன்னி கண்டிருக்கும்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவரும் அழுதுகொண்டேதான் சொன்னார். என் தோழி அதைக் கேட்டுக்கொண்டு சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் தலைக்குக் குளிக்கவில்லை. மாமியார் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. என்ன காரணம் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு நாள் ராத்திரி என்னிடம் மட்டும், "ஏட்டி, நான் ஊத்துன தண்ணிதானே?" என்றாள்.

அதற்கு "அப்படியெல்லாம் இல்லடி, விடு" என்று பதில் சொல்லிப் பயனில்லை. தோழி சொல்வதைத் தோழி நம்ப மாட்டாள், ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றே நினைப்பாள். சொல்ல வேண்டியவர் சொல்ல வேண்டும். ஒரு மாதம் போல ஆன பிறகு அவள் வீட்டுக்காரரிடம் பேசினேன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிக் காகிதங்களை எல்லாம் சேர்த்தோம். நோயாளியின் குடும்பம் கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-இல் வந்த இந்திய மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. சண்டைக்குப் போகிறவர்கள்தான் அதைக் கேட்பார்கள் என்று நினைக்கிறோம். நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளவும் கேட்கலாம். ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரிந்த வேறொரு குழந்தை மருத்துவரிடம் மூன்று பேரும் போனோம். கேட்க வேண்டியதை எல்லாம் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். அந்த அறைக்குள் போனால் அவளுக்கு வாய் வராது என்று தெரியும்.

அந்த மருத்துவர் அவசரப்படாமல் உட்கார்ந்து விளக்கினார். டெங்குவில் காய்ச்சல் கொதிக்கிற நாட்களைவிட அது இறங்குகிற நேரம்தான் ஆபத்தானது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் அந்த நேரம் வரும், ஒன்று அல்லது இரண்டு நாள் நீடிக்கும். சிலருக்கு அப்போது ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் போய்த் தேங்கும். குழாய்க்குள் மிஞ்சும் ரத்தம் கெட்டியாகும், அழுத்தம் இறங்கும், கை கால் குளிரும். பிள்ளைகள் அந்த நிலையிலும் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார்கள், அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தட்டணுக்கள் (பிளேட்லெட்) எத்தனை என்றே எல்லாரும் கேட்கிறார்கள், ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் இந்தக் கசிவுதான் என்றார். டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போன பிறகு வேறு வகை வந்தால் இப்படிக் கடுமையாகும் வாய்ப்பு கூடும். முதல் தடவை வந்தது சாதாரணக் காய்ச்சல் போல யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம்.

தாளில் எழுதியிருந்ததை நான் வாசித்தேன். "தலைக்குக் குளிச்சதால இப்படி ஆகுமா டாக்டர்?" அவர் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்: "ஆகாதும்மா. குளிப்பாட்டினாலும் இல்லாட்டாலும் அந்தக் கசிவு வந்திருக்கும். தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை." அடுத்ததை அவளே கேட்டாள். "மத்தியானமே கூட்டிட்டு வந்திருந்தா?" அதற்கு அவர் பொய் சொல்லவில்லை. பிழைக்கும் வாய்ப்பு கூடியிருக்கும், ஆனால் காய்ச்சல் விட்ட பிள்ளையைப் பார்த்து எந்தத் தாயும் ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டாள், ஓட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்றார்.

அந்தப் பதிலின் முதல் பாதி வலித்தது என்பதை மறைக்க மாட்டேன். வெகுநாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் முழுக்க ஆறுதலாகவே பேசியிருந்தால், தண்ணீரைப் பற்றிச் சொன்னதையும் நம்பியிருக்க மாட்டாள். மறுநாள் காலையில் தலைக்குக் குளித்தாள்.

இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. "விதி", "ஆண்டவன் நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிட்டுக்கிடுவான்", "அவ்வளவுதான் குடுத்து வச்சது" என்று நாம் சொல்லும் காரணங்கள் எதுவும் பெற்றவர்களுக்கு உதவி நான் பார்க்கவில்லை. ஆண்டு முடிவில் அரசுக் கணக்கு வந்தது. மாநிலத்தில் 23,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு, 65 பேர் இறப்பு. "அத்தனை பேருக்கும் சரியாயிட்டு, என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டாள். இந்த ஏனுக்கு ஒருவரிடமும் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதுபோல நடிக்கவும் கூடாது. உடம்புக்குள் என்ன நடந்தது என்பதற்கு மட்டும் பதில் இருக்கிறது, அதைத் தேடிப் போய் வாங்கிக் கொடுக்கலாம். எல்லாருக்கும் இது வேண்டியிருக்காது. பெற்றவர்கள் கேட்டால் மட்டும், அவர்கள் தாங்குவார்கள் என்று தோன்றும்போது மட்டும். நமக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அவர்களை இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

முதல் சில நாட்களில் செய்ய வேண்டியவை எல்லாம் கைவேலைகள்தான், அதிகம் சொல்ல இல்லை. போன் எடுத்துப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதே கதையை வருகிற ஒவ்வொருவரிடமும் பெற்றவர்கள் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. வாசலிலேயே ஒருவர் நின்று, "டெங்கு. இப்ப ஒண்ணும் கேக்காதீங்க, சும்மா பக்கத்துல இருங்க" என்று சொல்லி உள்ளே விட்டால் பாதிக் கேள்விகள் குறையும். அடுப்பு பற்ற வைக்காத வீட்டுக்குச் சாப்பாடு யாராவது கொண்டு வந்துவிடுவார்கள். மோர், தண்ணீர், மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை, இவைதான் மறந்து போகும்.

தம்பிக்காரன் ஒருவன் இருந்தான், ஐந்து வயது. அவனை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். "அக்கா தூங்குறா", "அக்கா சாமிகிட்ட போயிருக்கா" என்றும் சொல்லி வைத்தார்கள். விளைவு, ராத்திரி தூங்கப் பயந்தான். கோயில் பக்கம் கூட்டிக்கொண்டு போனால் அம்மா முந்தானையை விட மாட்டான், சாமி தன்னையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று. அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சாவு திரும்பி வராதது என்பது தெளிவாகப் புரியாது, சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அவன் அப்பாவே மடியில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்குப் பெரிய நோய் வந்துச்சு. டாக்டரால சரி பண்ண முடியல. அவ உடம்பு வேலை செய்யல, இனி வர மாட்டா. உனக்கு வர்ற சளி காய்ச்சல் எல்லாம் அப்படி இல்ல. நீ ஒண்ணும் பண்ணல" என்று சொன்னார். கடைசி வார்த்தை முக்கியம். ஒரு வாரம் முன்பு அக்காவை அவன் கிள்ளியிருந்தான், அதனால்தான் அவள் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்பக் கேட்டான், ஒவ்வொரு தடவையும் அதே பதிலையே சொன்னோம்.

அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டது அவள் எப்படி இருக்கிறாள் என்று. "நீதான் தைரியமா இருந்து அவளைப் பாத்துக்கிடணும்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். சீக்கிரமே வேலைக்குப் போய்விட்டார், ஊரும் அவர் தேறிவிட்டார் என்று முடிவு கட்டியது. பாப்பாவின் காகித வேலைகள் எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தன. ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பை அந்த ஆஸ்பத்திரியே பதிவுக்குத் தெரிவிக்கும். வீட்டில் நடந்திருந்தால் குடும்பம் 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். சான்றிதழில் பிள்ளை பெயரும் பெற்றோர் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும், பிறகு திருத்த அலைவது அவ்வளவு கொடுமை. அந்த வருடம்தான் ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்திருந்தது. அதிலிருந்து பெயர் நீக்க வேண்டும். 2015-இல் பெண் பிள்ளைகளுக்கான செல்வமகள் சேமிப்புத் திட்டம் தொடங்கியதுமே பாப்பா பெயரில் தபால் ஆபீசில் கணக்குத் தொடங்கி மாதா மாதம் கட்டிவந்தார். பிள்ளை இறந்துவிட்டால் இறப்புச் சான்றிதழைக் கொடுத்துக் கணக்கை முடிக்க வேண்டும், சேர்ந்த பணமும் வட்டியும் பெற்றோருக்கு வரும். கல்யாணத்துக்கு என்று சேர்த்த பணத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்க அவரால் முடியவில்லை. தபால் ஆபீஸ் வாசல் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறார். கடைசியில் என் வீட்டுக்காரர் கூடப் போய், படிவத்தைத் தானே நிரப்பி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். இப்படிக் கூடப் போகும் ஆள்தான் தேவை. "எதுனாலும் கூப்பிடுங்க" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "வியாழக்கிழமை பத்து மணிக்கு வண்டியோடு வர்றேன், போஸ்ட் ஆபீஸ் வேலையை முடிச்சிரலாம்" என்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்திலும் யாராவது நேரில் போய்ச் சொல்வது அவசியம். பெற்றோர் எண்ணை வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் கட்டண நினைவூட்டும் குறுஞ்செய்தியிலிருந்தும் எடுத்துவிடலாமா என்று பெற்றோரையே கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். என் தோழி குழுவில் இருக்கிறேன் என்றாள். என்ன வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார்கள் என்று அந்த வருடம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானாக எடுக்கச் சொல்லியிருந்தால் அது அவளுக்குக் கிடைத்திருக்காது.

பொருட்கள் விஷயத்திலும் அப்படித்தான். கண்ணில் பட்டால் அழுவாள் என்று சொல்லி, பத்து நாளுக்குள் பாப்பாவின் துணிமணி, நோட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிடப் பார்த்தார்கள். அந்த மூட்டையை என் வீட்டுக்கு எடுத்து வந்து பரணில் போட்டேன். தையற்காரர் தீபாவளிப் பட்டுப் பாவாடை தயார் என்று போன் செய்தபோது, அதையும் நானே வாங்கி அதோடு வைத்தேன். பிள்ளை போன சில நாட்களில் தீபாவளி, அந்த வீட்டில் வருடம் முழுக்க எந்த நல்ல நாளும் இல்லை. அடுத்த ஆடி மாதம், "அவ துணியெல்லாம் எங்க போச்சோ" என்று அவள் கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். சிலதை வைத்துக்கொண்டாள், சிலதை அவள் கையாலேயே கொடுத்தாள். எது, எப்போது, யாருக்கு என்பதைப் பெற்றவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு வீடு காலியாகிவிடும். நாம் போக வேண்டியது அப்போதுதான். போய் என்ன பேசுவது என்று பலர் போகாமலே இருந்துவிடுகிறார்கள். பிள்ளையின் பெயரைச் சொன்னால் ஞாபகப்படுத்திவிடுவோமோ என்ற தயக்கம். மறந்திருந்தால்தானே ஞாபகப்படுத்துவதற்கு? "இந்தத் தக்காளித் தொக்கு பாப்பாவுக்குப் பிடிக்கும்லா" என்று நான் சொன்னால் அவள் அழுவாள், அப்புறம் அரை மணி நேரம் பாப்பாவைப் பற்றிப் பேசுவாள். வேறு யாரும் அவளிடம் அந்தப் பெயரை எடுப்பதில்லை. பிறந்த நாள் அன்றும் இறந்த நாள் அன்றும் தவறாமல் போவேன். முடியாவிட்டால், "இன்னைக்கு பாப்பா நினைப்பாவே இருக்கு" என்று ஒரு வரி அனுப்புவேன்.

என் மகளை என்ன செய்வது என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. அவளைப் பார்த்தால் தோழிக்கு வலிக்கும், பார்க்காவிட்டால் நாங்கள் ஒதுக்குவதாகத் தோன்றும். ஊகிப்பதை விட்டுவிட்டு நேராகக் கேட்டேன். "கூட்டிட்டு வா, ஆனா யூனிஃபார்ம் போட்டு வேண்டாம்" என்றாள். எந்த ஊகத்திலும் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது. பின்னால் மகள் பெரியவளானபோதும் கேட்டேன். சடங்குக்குப் பத்திரிகை வைத்து, "வந்தாலும் சந்தோஷம், வராட்டாலும் எனக்குப் புரியும்" என்றேன். சடங்குக்கு வரவில்லை. மறுநாள் தனியாக வந்து, என் மகளுக்குப் பூ வைத்துவிட்டுப் போனாள்.

துக்கத்துக்கு ஐந்து கட்டம் உண்டு, முதலில் மறுப்பு, அப்புறம் கோபம் என்று இணையத்தில் படித்தவர்கள் அவளை அதில் பொருத்திப் பார்த்தார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் அதைச் சொன்னது, தங்கள் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. பிள்ளையை இழந்த தாய் அந்த வரிசையில் ஏறி இறங்கியாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. என் தோழி ஒரே நாளில் சிரித்தாள், கோபப்பட்டாள், தட்டில் பாப்பாவுக்கும் சேர்த்துச் சோறு போட்டாள்.

அவளுக்கு அதிகம் உதவியவர் நானல்ல. அடுத்த தெருவில் ஒரு டீச்சர், வெகு வருடம் முன்பு மகனை விபத்தில் இழந்தவர். ஒரு நாள் வந்து அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருதா? எனக்கும் வரும். அப்ப எனக்குப் போன் போடு" என்றார். அவள் போட்டாள். 1969-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் தொடங்கிய தி கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ் என்ற அமைப்பும் இப்படித்தான் உருவானது. ஒரே ஆஸ்பத்திரியில் மகன்களை இழந்த இரண்டு குடும்பங்கள் ஒருவருக்கொருவர் தாங்குவதை அங்கிருந்த போதகர் கவனித்தார். இதே வழியில் நடந்த ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். அவர் சம்மதித்தால் அறிமுகம் செய்து வையுங்கள்.

துக்கம் எல்லாம் நோயல்ல. ஆனால் மாதங்கள் போன பிறகும் எழுந்து ஒரு வேலையும் செய்ய முடியாமல், நாள் முழுக்க அந்த ஏக்கத்திலேயே முடங்கிக் கிடந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, ஆறு மாதத்துக்கும் மேல், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மிஞ்சி இப்படி நீடித்தால் அதைச் சிகிச்சை தேவைப்படும் நிலை என்கிறது. "நானும் பாப்பாகிட்டயே போயிருதேன்" என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. அப்படிச் சொன்னால், "சாகணும்னு நினைக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ், அரசின் மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது என் தோழி ஒன்றை மட்டும் கட்டாயம் சேர்க்கச் சொன்னாள். மழைக் காலம் வந்தால் அவளே தெருவில் சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்குப் போய்ச் சொல்வது அது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் கண்ணை எடுக்காமல் பாருங்கள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், ரத்தம் வடிவதைக் கூட்டும். தலைக்குக் குளிப்பாட்டுவதால் ஒன்றும் ஆகாது என்பதையும் எழுதச் சொன்னாள்.